ஏரிக்கடியில் அவசர எண்

போன் விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொதிக்கிற குழம்பில் உருளைக்கிழங்குத் துண்டு விழுந்த மாதிரி ஒரு 'க்ளுக்'. அவ்வளவுதான்.

டெல்மர் தன் மேல்கோட்டின் மார்புப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. காலுக்கு நடுவே, உறைந்த ஏரியின் பனியில் மீன் பிடிக்கப் போட்டிருந்த துளையைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் கறுப்பாய், எனக்கொன்றும் தெரியாதப்பா என்று ஆடிக்கொண்டிருந்தது.

"லைல்."

"ம்."

"லைல், போன் உள்ள போயிடுச்சுடா."

"எந்த போன்?" லைல் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன்பிடிக் குடிலுக்குள் உட்கார்ந்துவிட்டால் அவர் பெண்டாட்டி பேரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார்.

"அந்த போன்."

லைல் தூண்டிலைக் கீழே வைத்தார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் தூண்டிலைக் கீழே வைத்து டெல்மர் பார்த்தது இரண்டாவது தடவை. முதல் தடவை குடில் தீப்பிடித்தபோது.

அந்த போனைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், போனால் போகிறது ஒரு போன்தானே என்று நினைத்துவிடுவீர்கள்.

டெல்மர் வேலை பார்ப்பது ஹெங்கல் கம்பெனியில். பால்பண்ணைகளில் கறவைக் குழாய் கழுவுகிற அமிலம் செய்து விற்கிற கம்பெனி. விஸ்கான்சினில் மனிதரைவிட மாடு முக்கியம், மாட்டைவிடக் குழாய் முக்கியம். அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அமிலம் ஏற்றிப் போகிற ஒவ்வொரு வண்டியின் சரக்குச் சீட்டிலும் ஓர் அவசர எண் இருந்தாக வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். வண்டி கவிழ்ந்தாலும், டிரம் கசிந்தாலும் அந்த எண்ணைக் கூப்பிட்டால் உயிருள்ள மனிதர் ஒருவர் எடுக்க வேண்டும். எந்நேரமும். மெஷின் எடுத்து 'ஒன்றை அழுத்தவும்' என்று பாடக் கூடாது. 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று நழுவக் கூடாது. எடுக்கிறவருக்குச் சரக்கு என்ன, பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற கம்பெனிகள் இதற்கென்று இருக்கிற ஆட்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். முதலாளியான கிழவர் ஹெங்கல் அப்படிப்பட்டவர் இல்லை. "வெளியாள் எதுக்கு? நம்ம டெல்மர் தூங்கறதே கிடையாதே!" என்றார். ஒரு போன் வாங்கி டெல்மர் கையில் கொடுத்தார். எண்ணை அவரே அச்சகத்துக்குச் சொல்லிச் சீட்டு அடித்து வாங்கினார். "இதுல நீ யாரையும் கூப்பிடாதே. யாருக்கும் நம்பர் குடுக்காதே. இது நெருப்பணைக்கிற வண்டி மாதிரி, சும்மா நிக்கணும், ஆனா தயாரா நிக்கணும்" என்றார்.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. டெல்மர் அந்த போனோடு குளித்தார். அந்த போனோடு தேவாலயத்துக்குப் போனார். படுக்கையில் அவருக்கும் வெர்னாவுக்கும் நடுவில் அது படுத்தது. "கல்யாணம் பண்ணும்போது ரெண்டு பேர்னுதான் பாதிரியார் சொன்னார்" என்று வெர்னா முணுமுணுப்பாள். ராத்திரியில் ஒத்திகை வேறு நடக்கும். 'தோலில் பட்டால்?' என்று டெல்மர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். பாதித் தூக்கத்தில் வெர்னா பதில் சொல்வாள்.

இத்தனை செய்தும், பதினோரு வருடத்தில் அந்த போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

டெல்மருக்கு அதில் பெரிய பெருமை. "மூடியை நான் கையால திருகறேன். என் டிரம் கசிஞ்சதா சரித்திரமே இல்லை" என்று சாராயக் கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவார். சொல்லிவிட்டு, போனைத் தட்டிக் கொடுப்பார்.

கிழவர் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனி மகள் ராக்ஸியின் கைக்கு வந்தது. ராக்ஸிக்கு அப்பாவின் மூக்கும் இருந்தது, முன்கோபமும் இருந்தது. போன கோடையில் டெல்மர் போனைப் பந்துருட்டும் கூடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராக்ஸி சொன்னது இவ்வளவுதான்: "டெல்மர், போன் உங்க கையில இல்லாத அன்னிக்கு வேலையும் உங்க கையில இருக்காது."

வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் வெர்னாவின் முழங்கால் போச்சு. ஏப்ரலில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு வருடமாக அவள் படியைப் பக்கவாட்டில் இறங்குகிறாள், நண்டு மாதிரி. இறங்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க டெல்மருக்குத் தாங்காது.

அதோடு, இன்றைக்குப் பார்த்து மத்தியானம் இரண்டு மணிக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வருகிறார். வந்து, அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்.

"அப்புறம் எதுக்குடா ஏரிக்கு வந்தே?" என்றார் லைல்.

"நீ கூப்பிட்டே, வந்தேன்! அக்கரையில பண்ணைக்கு ரெண்டு டிரம் குடுக்கணும், போற வழியில பத்து நிமிஷம் உக்காரலாம்னு..."

டெல்மரின் பிக்கப் வண்டி குடிலுக்கு வெளியே பனிமேல் நின்றது. பின்னால் இரண்டு நீல டிரம்கள். உறைந்த ஏரிதானே குளிர்காலத்தில் இந்த ஊரின் குறுக்குச் சாலை.

லைல் பையிலிருந்து ஒரு காமிராவை எடுத்தார். கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால் மீன் எங்கே நிற்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். அதை வாங்கியதிலிருந்து மீன்களை அவர் தெளிவாகப் பார்க்கிறாரே தவிர, பிடித்தபாடில்லை.

காமிரா இறங்கியது. பாசி தெரிந்தது. ஒரு பியர் டப்பா தெரிந்தது. அப்புறம், சேற்றில் மெத்தைமேல் படுத்த மாதிரி, போன். பக்கத்தில் ஒரு பெரிய விலாங்குமூஞ்சி மீன் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரு, அதுவாவது பொறுப்பா இருக்கு" என்றார் லைல். "இன்ஸ்பெக்டர் கூப்பிட்டா அது எடுக்கும்."

"வாயை மூடுடா. போன்ல இடுப்புக் கொக்கி இருக்கு. இரும்பு. காந்தம் வச்சு இழுத்துடலாம். ஐரீன்கிட்ட காந்தம் இருக்கு."

ஐரீன் பேரைக் கேட்டதும் லைல் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு வந்தது. "போ, போ. அந்தம்மாவுக்கு இந்த வருஷமும் சீஸ் வந்துச்சாமே?"

ஊர் முழுக்க இந்தச் சிரிப்பு உண்டு. கிழவர் ஹெங்கல் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூண்டில் இரை விற்கிற ஐரீனுக்கு ஒரு முழுச் சக்கரம் சீஸ் அனுப்பினார். வண்டிச் சக்கரம் இல்லை, ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். செத்த பிறகும் நிற்கவில்லை. உயிலில் எழுதி வைத்துவிட்டார்: ஐரீனுக்கு வருடா வருடம் ஒரு சக்கரம். ராக்ஸியின் அம்மா அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. புழு வாங்கக்கூடப் பக்கத்து ஊருக்குப் போகிறாள். அவள் மீனே பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

டெல்மர் பிக்கப்பை விரட்டிக்கொண்டு கரைக்குப் போனார்.

ஐரீன் கடையில் எப்போதும் பொடிமீன் தொட்டி களகளவென்று கொதிக்கிற மாதிரி சத்தம் போடும். தொட்டிக்குப் பின்னால் ஐரீன். எழுபது வயது, ஆண்பிள்ளைச் சட்டை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். டெல்மரைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினாள்.

"தேய்க்காதே. தேய்க்காதேங்கறேன்! கையைக் குழாயடியில நீட்டு. ஆமா, நீட்டிட்டே இரு, நான் போதும்னு சொல்ற வரைக்கும்... மோதிரத்தைக் கழட்டு. பெண்டாட்டி கோச்சுக்குவாளா? விரல் போனா இன்னும் கோச்சுக்குவா. கழட்டுய்யா!"

போனை வைத்துவிட்டு, "எவனோ ஒரு தடிப்பய" என்றாள்.

டெல்மர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். ஐரீனுக்கு அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரு டஜன். ஒருத்தனுக்கும் கை நிதானம் கிடையாது என்பது அவர் கணிப்பு. எப்போது வந்தாலும் யாராவது சுட்டுக்கொண்டோ கொட்டிக்கொண்டோ இவளைக் கூப்பிடுகிறார்கள். சூடான எண்ணெயாக இருக்கும். பாவம், எப்படித்தான் சமாளிக்கிறாளோ!

"ஐரீன், உன் பெரிய காந்தம் வேணும்."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார் டெல்மர். ஆனால் ஐரீனிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. ஊருக்குச் சொன்னால் ராக்ஸிக்குச் சொன்ன மாதிரி.

"வண்டிச் சாவி ஏரியில விழுந்துடுச்சு."

ஐரீன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலில் பிக்கப் உறுமிக்கொண்டு நின்றது.

"எஞ்சின் ஓடுது?"

"அது... அது இல்லை. வீட்டுச் சாவி."

"இந்த ஊர்ல வீட்டைப் பூட்டறவன் எவன்யா?"

டெல்மருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஐரீன் அவர் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, கயிறு கட்டிய காந்தத்தை எடுத்து மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"பொய் சொல்றே. பரவாயில்லை, வெர்னாவுக்குத் துரோகம் பண்ற மூஞ்சி இல்லை உனக்கு. இருட்டறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடு."

காந்தம் நல்ல காந்தம். டெல்மர் இறக்கிய முதல் தடவையிலேயே கனமாய் ஏதோ மாட்டியது. கயிற்றை இழுத்தால், ஒரு தூண்டில் கோல் வந்தது. கைப்பிடியில் பேர் செதுக்கியிருந்தது.

லைல் அதை வாங்கிப் பார்த்து ஆடிப்போனார். "இது என் மச்சினன் கோல்டா! நான் திருடிட்டேன்னு சொல்லி இத்தனை வருஷமா அவன் என்னோட பேசலை!"

"அப்போ நல்லதுதானே, கொண்டுபோய்க் குடு."

"குடுத்தா பேசுவானே!" என்றார் லைல். கோலை மறுபடி துளைக்குள் விட்டார்.

இரண்டாவது தடவை காந்தம் போனின் கொக்கியைக் கவ்வியது. இரண்டு பேரும் திரையில் பார்த்தார்கள். போன் சேற்றிலிருந்து எழுந்தது. அந்த மீன் வழிவிட்டது. போன் மெல்ல மெல்ல, பரலோகம் போகிற ஆத்மா மாதிரி மேலே வந்தது. டெல்மர் மூச்சை அடக்கினார். துளையின் விளிம்பில் வந்து 'டொக்' என்று இடித்தது. கழன்று, திரும்பவும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"துளை சின்னது" என்றார் டெல்மர்.

"பெரிசா இருந்தா நல்லாயிருக்கும்" என்றார் லைல். யோசிக்காமல்தான் சொன்னார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார்.

துளை போடும் மெஷினை இயக்கி, பழைய துளையைச் சுற்றி வட்டமாய்த் துளைமேல் துளையாகப் போட்டார் டெல்மர். நடுவிலிருந்த பாளம் கழன்றது; அதை அமுக்கி ஓரமாகத் தள்ளினால் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு கிணறு! குடிலின் ஒரு கால் கிணற்றுக்குள் தொங்கியது. உள்ளே குளிருக்கு வைத்திருந்த அடுப்பைத் தூக்கி வெளியே வைத்து, குடிலையும் ஓரமாக இழுத்துவிட்டார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடில்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் நடந்தா வந்தார்கள்? அவரவர் பிக்கப்பில் வந்தார்கள்.

"என்ன விழுந்துச்சு?"

"சாவி" என்றார் டெல்மர்.

"ஆளா?" என்றார் தூரத்தில் நின்ற, காது கேட்காத ஒருவர். அவர் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது லைலின் போன் அடித்தது. லைல் எடுத்து, முகம் வெளுத்து, டெல்மரிடம் நீட்டினார். "ராக்ஸி."

"டெல்மர்! லைலோடதான் இருப்பீங்கன்னு வெர்னா சொன்னாங்க. எங்க இருக்கீங்க? இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்துட்டார். எதிர்லதான் உக்காந்திருக்கார். காப்பி குடிச்சாச்சு, பிஸ்கட் தின்னாச்சு. அந்த நம்பரைக் கூப்பிடலாமாங்கறார்."

"வேண்டாம்!"

"என்ன வேண்டாம்?"

"ராக்ஸிம்மா, அது அவசர லைனு. சும்மா கூப்பிட்டு லைனை அடைச்சு வைக்கலாமா? அந்த நேரம் பார்த்து எங்கியாவது ஒரு வண்டி கவிழ்ந்தா? ஒரு உயிர்..."

"பதினோரு வருஷமா கவிழாத வண்டி இந்த ரெண்டு நிமிஷத்துல கவிழுமா? போன் கையில இருக்கா, இல்லையா?"

டெல்மர் திரையைப் பார்த்தார். போன் இருந்தது. மீனும் இருந்தது.

"கண்ணு முன்னாலயே இருக்கு" என்றார். அது பொய் இல்லை பாருங்கள்.

"பத்து நிமிஷம் தரேன். அப்புறம் அவர் கூப்பிடுவார், நீங்க எடுக்கறீங்க."

பத்து நிமிடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? நிதானமுள்ளவன் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பான். டெல்மர் வெர்னாவின் முழங்காலை நினைத்தார். நினைத்ததும் நிதானம் போய்விட்டது.

"பிக்கப்பைக் கிட்டக் கொண்டாறேன். முன்னாடி கம்பி வடம் சுத்தற உருளை இருக்கில்ல? அதுல குடில்ல கிடக்கற உன் தோட்ட வாரியைக் கட்டி இறக்கி, ஒரே இழுப்பு."

"டெல்மர், பிப்ரவரி கடைசிடா. இங்க அடியில ஊத்து இருக்கு, பனி மெலிசு. ஏற்கனவே ஏழு வண்டி நிக்குது."

"ஏழு நிக்கறப்போ எட்டாவதா கனம்?"

எட்டாவதுதான் கனம்.

பிக்கப்பின் முன்சக்கரம் கிணற்றை நெருங்கியபோது, ஏரி ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காது கேட்காதவருக்குக்கூடக் கேட்டது. டெல்மர் கதவைத் திறந்து வெளியே உருண்டார். பிக்கப் மெதுவாக, கும்பிடப் போகிறவர் குனிகிற மாதிரி முன்பக்கமாய்க் குனிந்து, மூக்கை ஏரிக்குள் நுழைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்ற ஏழு பேரும் அவரவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். அத்தனை வேகத்தில் அந்த ஊரில் யாரும் எதுவும் செய்ததில்லை.

தூக்கிய பின்பக்கத்தில் கட்டு அறுந்தது. ஒரு டிரம் உருண்டு வந்து வண்டியின் விளிம்பில் இடித்துச் சாய்ந்தது. சரித்திரத்திலேயே கசியாத டிரம், டெல்மர் கையால் திருகிய மூடி வழியாக, சொட்டுச் சொட்டாய் அமிலத்தைப் பனிமேல் விட்டது. பட்ட இடம் புஸ்ஸென்று சீறிக் குழிந்தது.

யாரோ தீயணைப்புப் படைக்குச் சொல்லியிருந்தார்கள். ஊர்ச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் ராக்ஸி ஆபீசில் உட்கார்ந்திருப்பாளா? தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே அவள் காரும் வந்து கரையில் நின்றது. அதிலிருந்து ராக்ஸியும், அவளுக்குப் பின்னால், பிஸ்கட் தூளைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் ட்வைட்டும் இறங்கினார்கள். ஒல்லியான, சாந்தமான மனிதர். கையில் கம்பெனியின் சரக்குச் சீட்டு.

இருவரும் பனியில் தட்டுத் தடுமாறி நடந்து வந்தார்கள். ராக்ஸி பிக்கப்பைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். லைல் மறைக்கப் பார்த்த சின்னத் திரையையும் பார்த்தாள்.

"டெல்மர், அது என்ன?"

"மீன்" என்றார் லைல்.

"மீனுக்குப் பக்கத்துல."

இனிப் பொய் சொல்ல டெல்மரிடம் சரக்கு இல்லை. தொப்பியைக் கழற்றினார். நரைத்த நாலு முடி காற்றில் எழுந்து நின்றது.

"அவசர போன், ராக்ஸிம்மா. காலையிலேயே விழுந்துடுச்சு. உன்கிட்டப் பொய் சொன்னேன். ஐரீன்கிட்டயும் சொன்னேன். என் மேலதான் தப்பு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெர்னா கால் ஆபரேஷன் முடியற வரைக்கும் என் பேரைச் சம்பளப் பட்டியல்ல விட்டு வை. அதுவரை கொட்டகை கூட்டுன்னாக் கூட்டறேன். அப்புறம் நானே போயிடறேன்."

ராக்ஸி இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்ன வயதில் அவளை அமிலக் கொட்டகைக்குள் ஓடாமல் பிடித்து நிறுத்தி, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர் இந்த டெல்மர்தான். இருந்தாலும் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கிறாரே!

"பேச்செல்லாம் அப்புறம்" என்றார் தீயணைப்புப் படைத் தலைவர். "இது என்ன ஆசிட்? தண்ணி அடிக்கலாமா, கூடாதா? எங்க புத்தகத்துல, சரக்குச் சீட்டுல இருக்கிற நம்பரைக் கூப்பிடுன்னு போட்டிருக்கு."

"அந்த நம்பர் அதோ" என்று லைல் கிணற்றைக் காட்டினார்.

"நான் சொல்றேனே" என்றார் டெல்மர். "எனக்கு எல்லாம் மனப்பாடம்."

"இருங்க." இன்ஸ்பெக்டர் ட்வைட் கையை உயர்த்தினார். "நீங்க சொல்றது செல்லாது. நம்பரை எடுக்கறவர்தான் சொல்லணும். சட்டம்னா சட்டம். நான் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லைன்னு குறிச்சாகணும்."

அவர் தன் போனை எடுத்து, சீட்டைப் பார்த்து, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மணி அடித்தது.

அத்தனை பேரும் திரையைச் சுற்றி நெருக்கினார்கள். ஏரிக்கடியில் போன் இருட்டாய்க் கிடந்தது. வெளிச்சம் இல்லை, அசைவு இல்லை. மீன் ஒரு தடவை வாயைத் திறந்து மூடியது.

மணி அடித்தது.

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். படியில் பக்கவாட்டில் இறங்குகிற வெர்னா தெரிந்தாள்.

"ஹலோ" என்றது போன்.

காது கேட்காதவர் இரண்டடி பின்னால் போனார். லைல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அவர் ஏழெட்டு வருடமாகத் தேவாலயத்துக்குப் போகாதவர். அத்தனை கண்களும் திரையிலிருந்த மீன்மேல் நின்றன.

"ஹலோ, யாரு? ஆசிட்டா?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ களகளவென்று கொதித்தது. "கண்ணா, கையா, தரையா?"

"தரைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏரி. பனிமேல கசியுது."

"ஏரியா? எந்தக் கூமுட்டை ஏரிக்குக் கொண்டு போனான்? சரி, கேளுங்க. காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நில்லுங்க. அங்க வேடிக்கை பாக்கறவங்களை முதல்ல கரைக்கு விரட்டுங்க. தண்ணி அடிக்காதீங்க, பரவிடும். பக்கத்துல எந்தப் பண்ணையிலயும் தொழுவத்துல தூவற சுண்ணாம்பு இருக்கும். நாலு மூட்டை கொண்டாந்து சுத்தி அணை கட்டி, மேலயும் தூவுங்க. நுரைக்கும், பயப்படாதீங்க. கையுறை போட்டுட்டு, வேற மூடி போட்டுத் திருகுங்க. ஏற்கனவே இருந்த மூடியை எவனாவது முட்டாள் முரட்டுத்தனமா இறுக்கி மரையை உடைச்சிருப்பான். எப்பவும் அதான் கசியும். மாசத்துக்கு ஒண்ணு வருது."

டெல்மர் கண்ணைத் திறந்தார்.

தீயணைப்பு ஆட்கள் ஓடினார்கள். சுண்ணாம்பு வந்தது. நுரைத்தது. அடங்கியது. இன்ஸ்பெக்டர் ட்வைட் சீட்டில் நிதானமாக எழுதினார்: கூப்பிட்டதும் எடுத்தார்கள்; ஆள்தான் எடுத்தார்; சரக்கு தெரிந்த ஆள்.

"சட்டம் போனைக் கேக்கலைம்மா, ஆளைத்தான் கேக்குது" என்றார் ராக்ஸியிடம். "இவ்வளவு சுத்தமான பதில் எனக்கு இந்த மாகாணத்துல எங்கயும் கிடைச்சதில்லை. உங்க கம்பெனி தேறிடுச்சு. இந்த ஆளை ஏன் இத்தனை நாள் மறைச்சு வச்சீங்க?"

ராக்ஸி டெல்மரைப் பார்த்தாள். "யாரு இது?"

டெல்மர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். குரல் தெரிந்த குரல். களகளச் சத்தமும் தெரிந்த சத்தம். ஆனால் மூளை நம்ப மறுத்தது.

"என்... உதவியாளர்" என்றார்.

"பிரமாதம்" என்றார் இன்ஸ்பெக்டர். இன்னும் துண்டிக்காத போனை வாயருகே கொண்டுபோனார். "அம்மா, ரொம்ப நன்றி. குறிப்புக்காகக் கேக்கறேன், ஹெங்கல் கம்பெனியில நீங்க எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?"

"வேலையா? இது புழு விக்கிற கடைங்க! பதினோரு வருஷமா அந்தச் சீட்டுல என் நம்பரைத் தப்பா அடிச்சு வச்சிருக்கான் அந்தக் கிழவன், மாத்துய்யா மாத்துய்யான்னு நான் கத்தும்போதெல்லாம் ஒரு சீஸை அனுப்பி என் வாயை அடைச்சுட்டே செத்தும் போயிட்டான்!"